அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரை: யாருக்கு எவ்வளவு, ஏன் அத்தனை நிபந்தனை?

அங்கன்வாடியிலும் பள்ளியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசில்லாமல் கிடைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கு நிபந்தனைகள் அதிகம். பள்ளிப் பிள்ளைக்கு வாரம் ஒன்றுதான், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் தினமும். டீயோடு போடக் கூடாது, கால்சியம் மாத்திரையோடு சேரவே கூடாது, காய்ச்சல் என்றால் நிறுத்தி வைக்க வேண்டும். கொடுப்பவருக்கு இதையெல்லாம் விளக்க நேரம் இருப்பதில்லை, வாங்குபவருக்குப் பாதி மறந்துபோகிறது. ஏன் என்று தெரிந்துவிட்டால் மறக்காது. அந்தக் காரணங்களில் பெரும்பாலானவை சிறுகுடலின் முதல் சில அங்குலங்களில் இருக்கின்றன.

முதலில் திட்டம். இப்போது நடப்பது ‘அனீமியா முக்த் பாரத்’, அதாவது இரத்தசோகை இல்லாத இந்தியா. 2018இல் தொடங்கியது. இரும்பு மாத்திரை கொடுப்பது ஒன்றும் புதிதல்ல, 1970 முதலே மத்திய அரசு வேறு பெயர்களில் கொடுத்து வந்திருக்கிறது. அப்படியிருந்தும் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கும், 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை இருந்தது.

யாருக்கு என்ன? ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மருந்து சிரப்பாக வரும். வாரம் இரண்டு முறை 1 மி.லி., அதில் 20 மி.கி. இரும்பு. ஐந்திலிருந்து ஒன்பது வயது வரை வாரம் ஒரு ரோஸ் மாத்திரை, 45 மி.கி. பத்திலிருந்து பத்தொன்பது வரை வாரம் ஒரு நீல மாத்திரை, 60 மி.கி. இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள், பையன்களுக்கும் உண்டு. இருபதிலிருந்து நாற்பத்தொன்பது வயதுப் பெண்களுக்கு வாரம் ஒரு சிவப்பு மாத்திரை, அதுவும் 60 மி.கி.தான். இந்த வயதுக்காரர்கள் கர்ப்பமாக இல்லாவிட்டாலும் தங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதே தெரியாமல் இருப்பவர்கள் ஏராளம். கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒரு சிவப்பு மாத்திரை, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்கு அப்புறம் பாலூட்டும் தாய்க்கு இன்னொரு 180 நாள். எல்லாவற்றிலும் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கும்.

சரி, குடலுக்கு வருவோம். பெரியவர் ஒருவரின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. தினமும் இழப்பது 1 அல்லது 2 மி.கி., உள்ளே எடுப்பதும் அவ்வளவுதான். பழைய சிவப்பணுக்களை உடைத்து அதிலிருக்கும் இரும்பையே உடல் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: கூடுதலான இரும்பைச் சிறுநீரிலோ வியர்வையிலோ தள்ளிவிடும் ஏற்பாடு உடலுக்குக் கிடையாது. ஆகவே கட்டுப்பாடு முழுவதும் உள்ளே வரும் இடத்தில்தான்.

அந்த இடம் இரைப்பையை அடுத்த முன்சிறுகுடல். தானியம், பருப்பு, கீரையில் இருக்கும் இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் வடிவத்தில் வரும். குடல் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு நொதி அதை ஃபெரஸ் வடிவத்துக்கு மாற்றும். பிறகுதான் டிஎம்டி1 என்ற புரதம் அதைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். அரசு மாத்திரையில் இருப்பது ஃபெரஸ் சல்ஃபேட், அதனால் மாற்றும் வேலை மிச்சம். இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஹீம் இரும்பு தனி வழியில், இதைவிட எளிதாக நுழைகிறது.

செல்லுக்குள் போய்விட்டால் இரத்தத்தில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரத்தத்தின் பக்கம் இருக்கும் ஒரே வாசல் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். அந்த வாசலுக்கு மேற்பார்வை கல்லீரல். கையிருப்பு போதும் என்றால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது ஃபெரோபோர்ட்டினோடு ஒட்டி அதை அழித்துவிடும். வெளியேற முடியாத இரும்பு செல்லுக்குள்ளேயே ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் புரதத்தில் கிடக்கும். குடல் செல்லின் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து நாள். அது உதிரும்போது உள்ளே கிடந்த இரும்பும் மலத்தோடு போய்விடும். வாசலைத் தாண்டிய இரும்பு மறுபடி ஃபெரிக்காக மாறி, டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் ஏறி எலும்பு மஜ்ஜைக்குப் போகிறது. ஒரு டிரான்ஸ்ஃபெரின் இரண்டு இரும்பு அணுக்களைச் சுமக்கும்.

வாரம் ஒன்று ஏன் என்பது இப்போது புரியும். 60 மி.கி. போட்டதும் ஹெப்சிடின் ஏறி, ஏறக்குறைய ஒரு நாள் உயர்ந்தே இருக்கும். மறுநாள் போடும் மாத்திரையிலிருந்து உள்ளே போகும் பங்கு குறைந்துவிடும். இடைவெளி விட்டால் ஹெப்சிடினும் இறங்கியிருக்கும், குடலில் புதுச் செல்களும் வந்திருக்கும். வாரம் ஒரு நாள் என்றால் பள்ளியில் வரிசையாக நிற்க வைத்துக் கொடுப்பதும் எளிது, அந்த நிர்வாக வசதியையும் மறைக்க வேண்டியதில்லை. கர்ப்பிணியின் கணக்கு வேறு. ஒரு கர்ப்பத்துக்குக் கூடுதலாகத் தேவைப்படும் இரும்பு சுமார் 1,000 மி.கி. தேவை கூடக் கூட ஹெப்சிடின் தானாகவே இறங்கி வாசலை அகலத் திறந்து வைக்கிறது. அதனால் தினமும் கொடுத்தாலும் பலன் உண்டு.

டீ, காபியில் உள்ள டானின் வகைப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு கரையவிடாமல் செய்யும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கர்ப்பிணிக்கு அரசே கால்சியம் மாத்திரையும் தருகிறது, கால்சியம் இரும்பை உள்ளே விடாது. கால்சியத்தைச் சாப்பாட்டோடும், இரும்பைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் போடுவது நல்ல ஏற்பாடு. எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் நேர்மாறாக உதவும், வைட்டமின் சி இரும்பை ஃபெரஸ் வடிவத்திலேயே வைத்திருக்கும். உண்மையில் வெறும் வயிற்றில்தான் இரும்பு நன்றாக ஏறும், ஆனால் குமட்டும். குமட்டலுக்குப் பயந்து மாத்திரையைத் தூக்கிப் போடுவதைவிட, சாப்பிட்ட பிறகு போட்டுக் கொஞ்சம் குறைவாக ஏறினால் பரவாயில்லை. மலம் கறுப்பாகப் போவது உள்ளே ஏறாமல் மிஞ்சிய இரும்பினால்; பயப்பட வேண்டாம்.

குடற்புழு மாத்திரையும் இதே திட்டத்தில்தான் வருகிறது. கொக்கிப்புழு கடித்துத் தொங்கி இரத்தம் உறிஞ்சுவது சிறுகுடலின் மேல்பகுதியில்தான். ஒரு பக்கம் இரும்பு ஏற ஏற இன்னொரு பக்கம் இரத்தமாக வடியும். அதனால் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என ஆண்டுக்கு இருமுறை ஒன்றிலிருந்து பத்தொன்பது வயது வரை ஆல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிக்கும் நான்காம் மாதத்துக்குப் பிறகு ஒரு முறை உண்டு.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் அது தடுப்பு அல்ல, சிகிச்சை: தினமும் இரண்டு மாத்திரை, மாதம் ஒரு பரிசோதனை. ஒரு மாதத்தில் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நீங்களே கேளுங்கள். 7க்குக் கீழே போனால் குடலை நம்பிக் காத்திருக்க நேரமில்லை, நரம்பு வழியே இரும்பு ஏற்றுவார்கள். 5க்குக் கீழே என்றால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போது தடுப்பு மாத்திரையை நிறுத்தி வைக்கிறார்கள். நோய்த்தொற்றிலும் ஹெப்சிடின் ஏறி வாசல் அடைபடும், போட்டும் பெரிதாகப் பயனில்லை. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயால் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவருக்கு இந்த மாத்திரை கூடாது. அவர் உடலில் ஏற்கெனவே இரும்பு தேங்கிக் கிடக்கும், வெளியேற வழியும் இல்லை.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் மாத்திரை அட்டையை எட்டாத உயரத்தில் வையுங்கள். நிறமும் மேல்பூச்சும் மிட்டாய் போலவே இருக்கும். கைநிறைய விழுங்கிவிட்டால் அந்த அளவு இரும்பு குடல் சுவரையே புண்ணாக்கி, கட்டுப்பாடுகளை மீறி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். உடனே 108ஐ அழையுங்கள். முதலில் வாந்தி எடுத்து, பிறகு சில மணி நேரம் குழந்தை தெளிந்தது போலத் தெரியும். அதைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம், விஷம் அதற்கு அப்புறமும் வேலை செய்யும்.