கூட்டரசு இருக்க மத்திய அரசு எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பசியாறிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த பெரியவர் நாளிதழை என் பக்கம் திருப்பி, "தம்பி, 'மத்திய அரசுக் குற்றம்' என்று போட்டிருக்கிறார்களே, அரசாங்கம் என்ன குற்றம் செய்தது?" என்று கேட்டார். அமெரிக்கச் செய்தி. ஃபெடரல் கிரைம் என்பதைத்தான் அப்படிப் பெயர்த்திருந்தார்கள். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை.

ஃபெடரல் என்பதன் வேர் லத்தீன் மொழியில் உடன்படிக்கையைக் குறிக்கும் 'ஃபோய்டுஸ்'. மலாய்க்காரர்கள் கூட்டாளியைக் குறிக்கும் 'செகுத்து'விலிருந்து 'பெர்செகுத்துவான்' என்றார்கள். மலேசியத் தமிழர்களான நாம் கூட்டரசு என்றோம். வேலை முடிந்தது.

'மத்திய' தமிழ்நாட்டுச் சரக்கு. இந்திய அரசமைப்பின் முதல் உறுப்பு நாட்டை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. 2021இல் ஒன்றிய அரசா, மத்திய அரசா என்று அங்கே பெரிய சண்டையே நடந்தது. பிறந்த வீட்டிலேயே தகராறில் கிடக்கும் சொல்லை நாம் ஏன் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டும்? தனித்தமிழ் அன்பர்கள் 'நடுவண்' என்கிறார்கள். சட்டைதான் மாறியது, ஆள் அதே ஆள். நடு என்றாலே அதிகாரம் அங்கே ஊறி நாலாபக்கமும் பாய்வதாகத் தோன்றும். அமெரிக்காவிலோ அரசமைப்பில் எழுதிக் கொடுத்தது மட்டுமே கூட்டரசுக்கு. மிச்சமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும்.

அங்கே ஒரு பெண், கணவரின் காதலியைப் பழிவாங்க அவள் வீட்டுக் கதவுப்பிடியிலும் கார்க் கதவிலும் அஞ்சல் பெட்டியிலும் ரசாயனம் தடவினாள். காதலியின் கட்டைவிரலில் சிறு புண். தண்ணீரில் கழுவியதோடு சரி. கூட்டரசு வழக்குரைஞர்கள் தொடுத்ததோ ரசாயன ஆயுத வழக்கு! இது மாநிலம் பார்க்க வேண்டிய குற்றம், அந்தச் சட்டம் இவ்வளவு தூரம் நீளாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1995இல், பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்த கூட்டரசுச் சட்டமும், கூட்டரசுக்கு எழுதிக் கொடுத்த மாநிலங்களுக்கிடையிலான வணிக அதிகாரத்தோடு ஒட்டவில்லை என்று அதே நீதிமன்றத்தில் விழுந்தது. இவற்றை 'மத்திய அரசின் அதிகாரம் பறிப்பு' என்று எழுதுகிறார்கள். கொடுக்காததை எப்படிப் பறிப்பது?

லோக்கல் கிரைம் என்பதை 'உள்ளூர்க் குற்றம்' என்று பெயர்ப்பது இன்னொரு கூத்து. படிப்பவருக்குக் கம்பத்து (கிராமத்து) கோழித் திருட்டுதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் கொலைகூடப் பெரும்பாலும் மாநிலம் பார்க்கும் இந்த வகைதான். நம் நாட்டில் குற்றவியல் சட்டம் அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையின் கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. பினாங்கில் திருடினாலும் வருவது கோலாலம்பூர்த் தலைமையகமான புக்கிட் அமானுக்குக் கட்டுப்பட்ட போலீஸ். ஆகவே நம் வாசகருக்கு 'மாநிலச் சட்டக் குற்றம்', 'கூட்டரசுச் சட்டக் குற்றம்' என்று விரித்தே எழுத வேண்டும். நாலெழுத்து கூடினால் கூடட்டும்.

பெரியவரிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் தே தாரேக் தேநீர் ஆறிவிட்டது. அவர் பக்கத்தைப் புரட்டினார். அதே நாளிதழ், 'கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல்' என்று சரியாகவே போட்டிருந்தது.