பல்லைத் தேய்ப்பதும் துலக்குவதும்

பல் விளக்குதல், பல் துலக்குதல், பல் தேய்த்தல் என்று ஒரே வேலைக்கு நம்மிடம் மூன்று சொற்கள் உண்டு. முதல் இரண்டும் பளிச்சிடச் செய்வதைக் குறிப்பவை. காலையில் குழாயடியில் நிற்கும் பலரும் செய்வதோ மூன்றாவதை: பிரஷ்ஷை இறுக்கிப் பிடித்து, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல, முன்பற்களின் மேல் இடமும் வலமுமாக அழுத்தி இழுக்கிறார்கள். அவ்வளவு வலிமை தேவைப்படும் பொருள் எதுவும் அங்கே இல்லை.

காலையில் எழுந்ததும், வாய் கொப்பளிக்கும் முன், கடைவாய்ப் பற்களின் உட்புறத்தில் நாக்கை ஓட்டிப் பாருங்கள். மாவு பூசியதுபோல ஏதோ தட்டுப்படும். ஈறோரத்தில் நகத்தால் மெல்லச் சுரண்டினால் வெளிர்மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பாக ஒட்டிவரும். இரவு உண்ட உணவின் மிச்சம் என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது பாக்டீரியாக்கள் தாமே சுரக்கும் பசைக்குள் கூடிவாழும் படலம்; பல் மருத்துவர்கள் பிளேக் என்று சொல்வது இதைத்தான். பல்லைச் சுத்தம் செய்த சில நிமிடங்களிலேயே எச்சிலின் புரதங்கள் பல்லின் கடினமான மேலோடாகிய எனாமலின் மேல் மெல்லிய பூச்சாகப் படிய, அதைப் பற்றிக்கொண்டு பாக்டீரியாக்கள் குடியேறிப் பெருகத் தொடங்குகின்றன. வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் இப்படலம் போகாது. மென்மையான இழை பட்டு அசைந்தாலோ கலைந்துவிடும்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ஆன்டனி வான் லீவன்ஹூக், நாள்தோறும் உப்பால் பல் தேய்த்துத் துணியாலும் துடைத்துவந்தவர். அப்படியிருந்தும் தம் பல்லிடுக்கில் கரைத்த மாவு போன்ற வெண்ணிறப் பொருள் தங்கியிருப்பதைக் கண்டார். அதை எடுத்து நுண்நோக்கியில் பார்த்தபோது உள்ளே எண்ணற்ற நுண்ணுயிர்கள் துள்ளி அசைந்ததை, 1683-இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் விவரித்தார். உப்பு பட்ட இடமெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. படாத இடத்தில் படலம் வாழ்ந்தது. பல் துலக்குவதன் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது: எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைவிட எங்கெல்லாம் இழை போய்ச் சேர்கிறது என்பதே முக்கியம்.

படலத்தைக் கலைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1965-இல் நேரடியாகச் சோதித்துக் காட்டினார்கள். ஆரோக்கியமான ஈறுகள் கொண்ட 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறுகள் அழன்று வீங்கின. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. துலக்கும்போது இரத்தம் கசிகிறது என்று அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலும் அந்தக் கசிவே அங்கே படலம் சேர்ந்திருப்பதன் அறிகுறி. அங்குதான் மென்மையாக, ஆனால் தவறாமல் துலக்க வேண்டும். ஓரிரு வாரங்களுக்குப் பிறகும் கசிவு நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஈறுக்கும் பல்லுக்கும் இடையே, நலமான வாயில் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு சிறு பள்ளம் உண்டு. பிரஷ்ஷைப் பல்லுக்கு நேராக வைத்தால் இழைகள் அதைத் தாண்டிப் போய்விடும். ஆகவே இழைகளின் நுனி ஈறை நோக்கி ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருக்குமாறு வைத்து, நுனி ஈறோரத்தை விட்டு விலகாமல் ஒரு பல்லின் அகல அளவுக்கு மட்டும் சிறுசிறு அசைவுகளாகப் பத்துப் பதினைந்து முறை அசைத்து, பின் அடுத்த இரண்டு பற்களுக்கு நகர வேண்டும். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் வகுத்த முறை இது. பிரஷ்ஷைப் பேனாவைப் போல விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானே குறையும். கீழ்முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். நாக்கின் அடியிலிருந்து எச்சில் சுரக்கும் துளை அதன் அருகிலேயே இருப்பதால், கலையாத படலம் எச்சிலின் தாதுக்களை ஏற்றுக் காரையாக இறுகுவது அங்கேதான் அதிகம். காரையாகிவிட்டால் பிரஷ்ஷால் பயனில்லை. மேல்கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்தைத் துலக்கும்போது வாயை அகலத் திறக்காமல் பாதி மூடினால் கன்னம் தளர்ந்து பிரஷ்ஷுக்கு இடம் கிடைக்கும். எல்லாப் பக்கங்களையும் முடிக்க இரண்டு நிமிடமாவது ஆகும். பல்லிடுக்குக்குள் எந்தப் பிரஷ்ஷும் நுழையாது. அதற்குப் பல்லிடுக்கு நூலோ இடுக்குப் பிரஷ்ஷோ வேண்டும்.

எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுவாலான எனாமல், உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் ஈறு விலகி வெளித்தெரியும் வேர்ப்பகுதியில் எனாமல் கிடையாது. அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு ஈறோரத்தில் ஆப்பு வடிவில் பள்ளம் விழுவதும், குளிர்ந்த நீர் பட்டால் கூசுவதும் இதனால்தான். சிலர் பல் தேய்க்க எடுக்கும் செங்கற்பொடியிலும் மணலிலும் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் எனாமலையே கீறும் அளவுக்குக் கடினமானது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பிடித்த நம் முன்னோர், நுனியை நன்கு மென்று நார்நாராக்கிய பிறகே பல்லில் வைத்தார்கள். மென்மையான இழைகொண்ட பிரஷ்ஷையே வாங்குங்கள் என்று இன்று சொல்வதும் அதையே. வாங்கிய ஒரு மாதத்திலேயே இழைகள் இருபுறமும் சாய்ந்துவிட்டால் கை அழுத்துகிறது என்று பொருள்.

பற்பசையின் மணமும் நுரையும் விளம்பரத்துக்கு உதவுகின்றன. பல்லுக்கு உதவுவது அதிலுள்ள ஃபுளோரைடு. இனிப்பைத் தின்ற பாக்டீரியாக்கள் சில நிமிடங்களில் அமிலத்தை வெளியிட, படலத்துக்குள் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலின் தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. எச்சில் அந்த அமிலத்தைத் தணித்த பின் தாதுக்கள் திரும்பப் படிகின்றன. ஃபுளோரைடு இருந்தால் வேகமாகவும், அமிலத்துக்கு மேலும் ஈடுகொடுக்கும் வடிவிலும் படிகின்றன. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் பசை போதும்.

உறக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடுவதால், அமிலத்தைத் தணிக்க ஆளில்லாத நேரம் இரவுதான். ஆகவே ஒருவேளை மட்டுமே ஒழுங்காகத் துலக்க முடியும் என்பவர், படுக்கைக்குப் போகுமுன் துலக்குவதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். துலக்கி முடித்தபின் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் அப்படியே படுத்துவிடலாம். கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். நாக்கில் தங்கும் அந்தப் பசையின் காரம் முதல் சில இரவுகளுக்கு உறுத்தும், பிறகு பழகிவிடும்.