வெள்ளைச் சுவரும் நீலச் சுவரும்: ஒரே கணக்குப் போடாதீர்கள்

மூன்று சுவருக்கு வெளிர் வெள்ளை, ஒன்றுக்கு அடர் நீலம் என்று முடிவு செய்பவர்கள், இரண்டுக்கும் இரண்டே கோட் பெயிண்ட் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். வேலை நடுவில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

வெளிர் நிற எமல்ஷனில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி நிறைய இருக்கும். அடியில் உள்ளதை மறைப்பது அதுதான். அடர் நிறம் கலக்கும் பேஸில், அதாவது நிறம் சேர்க்கும் முன் உள்ள பெயிண்டில், அது மிகக் குறைவு. அடிப்பூச்சான வெள்ளை பிரைமர் மேல் நீலம் அடித்தால் இரண்டாவது கோட்டுக்குப் பிறகும் ரோலர் தடம் திட்டுத் திட்டாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. மூன்றாவது கோட்டுக்கும் சேர்த்து வாங்குங்கள். பிரைமரிலேயே சாம்பல் நிறம் கலந்து அடித்தால் பெரும்பாலும் ஒரு கோட் மிச்சமாகும்.

வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் அளவை எல்.ஆர்.வி என்பார்கள். வெளிர் வெள்ளைக்கு இது நூற்றுக்கு 80க்கு மேல் இருக்கும், அடர் நீலத்துக்கு 10க்கும் கீழே. ஜன்னல் உள்ள சுவருக்கே நீலம் அடித்தால், இருட்டுக்கு நடுவில் ஜன்னல் மட்டும் பளீரென்று கண்ணைக் கூசும். அதற்கு எதிர்ச்சுவரே நல்லது.

ஷேட் கார்டை நம்பி முடிவெடுக்க வேண்டாம். 2 அடிக்கு 2 அடி பலகைகள் இரண்டில் இரண்டிரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் அறையின் மூலையில் ஒட்டினாற்போல் நிறுத்திப் பாருங்கள். தனியாகப் பார்த்தபோது வெள்ளையாக இருந்தது, நீலத்தின் பக்கத்தில் லேசாக மஞ்சள் பூசியதுபோலத் தெரியும். இரவில் மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் பல்பு போட்டால் அந்த மஞ்சள் இன்னும் கூடும், நீலமோ கறுத்துப்போகும். அந்த அறையில் எரியப்போகும் பல்பிலேயே பாருங்கள்.

இரண்டு நிறமும் சேரும் மூலைதான் வேலையின் தரத்தைக் காட்டும். முதலில் வெள்ளையை மூலை தாண்டி அடித்துக் காயவிடுங்கள். வெள்ளைச் சுவர்ப் பக்கம் மூலையை ஒட்டி மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் ஓரத்தில் மறுபடி வெள்ளையையே மெல்லிசாகத் தடவுங்கள். டேப்புக்கு அடியில் கசிவதாக இருந்தால் வெள்ளைதான் கசியும், கோடு கெடாது. அது காய்ந்தபின் நீலம். கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக உரித்துவிடுங்கள். காய்ந்தபின் இழுத்தால் பெயிண்ட் தோலும் சேர்ந்து வரும்.

பின்னால் தொல்லை தருவதும் நீலம்தான். மேட் பூச்சில் கை உரசிய இடம் பளபளக்கும், துடைத்தாலும் போகாது. ஆள் உரசிப் போகும் நடைவழி என்றால் கழுவத்தக்க மேட் அல்லது லேசான பளபளப்புள்ள பூச்சு வாங்குங்கள். சுவரில் ஈரம் இருந்தால் உப்பு பூத்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். வெளிர் சுவரில் அது சீக்கிரம் கண்ணில் படாது. சுவரில் புது சிமெண்ட் பூச்சு என்றால் 28 நாளாவது காயவிட்டு, ஈரம் போனதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.