ராத்திரி யார் சர்க்கரை போட்டது?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டு, இரவு 10 மணிக்கு சுகர் பார்த்தேன், 118. காலை 7 மணிக்குப் பார்த்தால் 146. நடுவில் தண்ணீர் தவிர எதுவும் இல்லை. நான் ராத்திரி எழுந்து லட்டு தின்றிருப்பேன் என்று வீட்டில் டப்பாவைத் திறந்து எண்ணுகிறார்கள். மீட்டர் கோளாறா?”

வீட்டு மீட்டர் பத்துப் பதினைந்து முன்னே பின்னே காட்டும், அது வேறு கதை. ஆனால் நிறையப் பேருக்குக் காலையில் நிஜமாகவே ஏறியிருக்கிறது. லட்டு மேல் பழி போட வேண்டாம். அந்தச் சர்க்கரை வலது பக்க விலா எலும்புகளுக்குள் ஒன்றரைக் கிலோ கனத்தில் உட்கார்ந்திருக்கும் ஈரலிலிருந்து வந்தது.

ஒரு சின்னக் கணக்கு. நம் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். அதில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தமும் ஐந்து கிராம்தான், ஒரு டீஸ்பூன். மூளை மட்டுமே நாளுக்கு 120 கிராம் கேட்கிறது, அதாவது மணிக்கு ஐந்து. யாரும் ஊற்றிக்கொண்டே இருக்காவிட்டால் 11 மணிக்கெல்லாம் சரக்கு தீர்ந்துவிடும். காலையில் எழுந்து பல் தேய்க்கிறோம் என்றால் இரவெல்லாம் யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

சாப்பிட்டதும் கணையம் இன்சுலினை விடுகிறது, உபரிச் சர்க்கரை கிளைக்கோஜனாகக் கோக்கப்பட்டு ஈரலிலும் தசையிலும் சேர்கிறது, பசி நேரத்தில் கணையத்தின் இன்னொரு ஹார்மோனான குளுகாகான் வந்து ஈரலைத் திறக்கிறது. இதெல்லாம் பள்ளிப் பாடம், தாண்டிப் போகலாம். ஆனால் ஈரல் சர்க்கரை தரும் என்று கண்டுபிடித்த கதையைத் தாண்ட எனக்கு மனமில்லை.

சர்க்கரை செய்வது செடிகொடிகளின் வேலை, மிருகங்களுக்குச் செலவழிக்க மட்டுமே தெரியும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். 1848இல் பாரிஸில் உடலியல் அறிஞர் கிளோட் பெர்னார், வெறும் இறைச்சி தின்ற நாயின் ஈரலிலிருந்து வெளியேறும் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்தார். அப்புறம் 1855இல் நடந்ததுதான் ருசி. ஒரே ஈரலில் இரண்டு தடவை சர்க்கரை அளந்து ஒப்பிடுவது அவர் வழக்கம். ஒருநாள் நேரமில்லாமல் இரண்டாவதை மறுநாளைக்குத் தள்ளினார். மறுநாள் சர்க்கரை கூடியிருந்தது, செத்த ஈரலில்! வேறொருவர் என்றால் கைப்பிசகு என்று விட்டிருப்பார். இவர் ஒரு ஈரலின் ரத்தக்குழாய் வழியே நாற்பது நிமிடம் தண்ணீரைப் பாய்ச்சி, இனிப்பு துளியும் மிஞ்சாமல் அலசினார். ஒரு நாள் அப்படியே வைத்தார். ஈரலில் மறுபடி சர்க்கரை! தண்ணீரில் அலசினாலும் போகாத ஏதோ ஒன்று உள்ளே இருந்துகொண்டு சர்க்கரையாக உதிர்கிறது. 1857இல் அதைப் பிரித்தும் எடுத்துவிட்டார். அதுதான் கிளைக்கோஜன்.

பெர்னாரின் ஆராய்ச்சிச் செலவுக்குக் கைகொடுத்தது மனைவி கொண்டுவந்த சீதனம். அந்த அம்மாவோ நாய்களை அறுப்பதைச் சகிக்க முடியாமல் கடைசியில் பிரிந்தே போனார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்று ஒருவர் “ஈரலை அலசிவிட்டு ஒருநாள் சும்மா வைக்கப்போகிறேன்” என்று விண்ணப்பித்தால் நம் ஊரில் ஒரு ரூபாய் பெயருமா என்பது என் சந்தேகம். உடனடிப் பயன் என்ன என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் என்ன எழுதுவார்?

சரி, இனி எனக்கு மிகப் பிடித்த இடம். ஈரலில் இருக்கும் கிளைக்கோஜன் சுமார் 100 கிராம். தசைகளில் அதைப்போல நான்கு மடங்கு. அப்படியிருக்க, மூளை பட்டினி கிடக்கும்போது தசை ஏன் ஒரு கிராம்கூடக் கொடுப்பதில்லை? கருமித்தனம் இல்லை. குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைந்த உடனே அதன்மீது ஒரு பாஸ்பேட் கட்டப்படுகிறது. கன்றுக்குத் தும்பு கட்டுகிற மாதிரி. தும்போடு இருக்கும் குளுக்கோஸால் செல்லின் சவ்வைத் தாண்ட முடியாது. கிளைக்கோஜனிலிருந்து உதிரும் சர்க்கரையும் தும்போடுதான் வருகிறது. அதை அவிழ்க்க ஒரு நொதி வேண்டும். தசையில் அது இல்லை. ஈரலில் இருக்கிறது, சிறுநீரகத்திலும் கொஞ்சம். ஊருக்கே சோறு போடும் உரிமை ஈரலுக்கு வந்தது இந்த ஒரு முடிச்சால்தான். அந்த நொதி இல்லாமலே சில குழந்தைகள் பிறக்கின்றன. ஈரல் நிறையக் கிளைக்கோஜன் இருந்தும், பால் குடித்துச் சில மணி நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். கொஞ்சம் வளர்ந்ததும் இவர்களுக்கு வேகவைக்காத கார்ன்ஃபிளவர் மாவைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். அது குடலில் மெதுவாகச் செரித்து, ஈரலுக்குப் பதிலாகச் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும்.

கொழுப்பு எங்கே வருகிறது? இரவில் இன்சுலின் தாழ்ந்ததும் கொழுப்பு செல்களின் கதவு திறக்கிறது. வெளிவரும் கொழுப்பு அமிலத்தை இதயமும் தசையும் எரித்துக்கொண்டு, சர்க்கரையை மூளைக்கு விட்டுக்கொடுக்கின்றன. ஈரலும் அதை எரிக்கிறது, ஆனால் வேறு நோக்கத்துக்கு. லாக்டேட், அமினோ அமிலம் போன்ற துண்டு துக்கடாக்களிலிருந்து புதுச் சர்க்கரை கட்ட ஈரலுக்கு அடுப்பு வேண்டும். கொழுப்புதான் விறகு. கொழுப்பின் நீண்ட சங்கிலி தானே சர்க்கரையாக மாறாது, கொழுப்பின் முதுகெலும்பான கிளிசரால் மட்டுமே மாறும்.

கொழுப்பு செல்லின் கதவை மூடக் கொஞ்சம் இன்சுலினே போதும். அதனால்தான் கொழுப்பு கரைய வெறும் வயிற்றில் தேன் கலந்த வெந்நீர் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. தேன் சர்க்கரைதானே. திறந்திருந்த கதவை நாமே போய்ச் சாத்திவிட்டு வருகிறோம்.

இப்போது அந்த 146. விடியற்காலையில் கார்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறி, எழுந்திருக்கும் நேரம் வருகிறது, சர்க்கரையை விடு என்று ஈரலை உசுப்புகின்றன. நீரிழிவு இல்லாதவர்களுக்குக் கணையம் கொஞ்சம் கூடுதல் இன்சுலின் விட்டு அதைச் சமன் செய்துவிடும். நீரிழிவு இருந்தால் அந்த இன்சுலின் போதுவதில்லை, அல்லது ஈரல் காதில் அது சரியாக விழுவதில்லை. சாப்பிடாமல் இருந்தும் ஏறுவது இதனால்தான். இரண்டு இட்லியை ஒன்றாக்குவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது. ஈரலின் இந்த அதிகப்படி வரத்தைக் குறைப்பதுதான் நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினின் முக்கிய வேலை.

வாசகர் ஒன்று செய்யலாம். இரண்டு மூன்று நாள் அதிகாலை 3 மணிக்கு ஒரு தடவை, எழுந்ததும் ஒரு தடவை விரலைக் குத்திப் பார்த்து எழுதி வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். 3 மணிக்கு மிகவும் தாழ்ந்திருந்தால் விஷயம் வேறு, நீரிழிவு மருந்து எடுப்பவரானால் அதன் அளவு கூடியிருக்கலாம். அதை நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள். அந்த 3 மணிக்கு, சாட்சிக்கு வீட்டில் ஒருவரை எழுப்பி உட்காரவைத்துக்கொள்வதும் நல்லது.