கரையில் அலை இல்லை என்பது நல்ல செய்தி அல்ல

கடந்த ஆடி மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையிலிருந்து வந்திருந்த அண்ணன் தம்பி இருவரை, கரையிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில் வலை வாங்கிக்கொண்டிருந்த நாட்டுப்படகுக்காரர்கள் கண்டு, படகில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். காலை ஏழரை மணிக்குத் தேவிபட்டினத்துக்கு வடக்கே ஓர் ஓடையில், அலையாத்தி மரங்களின் நடுவே, இருவரும் தங்கள் காற்றடைத்த பலகைகளில் நின்று துடுப்புப் போடத் தொடங்கியிருக்கிறார்கள். ஓடை வாயைத் தாண்டிய பிறகும் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்ததால் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கிறார்கள். ஒன்பது மணிக்குத் திரும்ப நினைத்தபோது திரும்ப முடியவில்லை. தம்பி உயிர்காப்பு உடுப்பை அணிந்திருந்தார். அண்ணன் அதைப் பலகையில் கட்டி வைத்திருந்தார்.

அந்தப் பருவத்தில் நான் அறிந்த மூன்றாவது நிகழ்வு அது. மூன்றிலும் உயிர் போகவில்லை என்பதால் செய்தியாகவும் வரவில்லை. இந்தக் கரையில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகும் துடுப்புப் பலகையும் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவன் என்ற முறையில், நான்காவது நிகழ்வுக்காகக் காத்திருக்க எனக்கு மனமில்லை.

கரைக்கு வந்ததும் அந்த இளைஞர்கள் சொன்ன முதல் வாக்கியம், மூன்று நிகழ்வுகளிலும் நான் கேட்ட அதே வாக்கியம்: "சார், கரையில் அலையே இல்லையே!"

கரையில் அலை இல்லாததற்குக் காரணம் காற்று இல்லாதது அல்ல. காற்று உங்கள் முதுகுக்குப் பின்னால், தரையிலிருந்து வருகிறது என்பதே காரணம். இதை நான் எத்தனை முறை சொன்னாலும், கேட்பவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் தண்ணீரைத்தான் பார்க்கிறார். அலையை எழுப்பக் காற்றுக்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். நிலத்திலிருந்து புறப்படும் காற்று முதல் நூறு மீட்டரில் எதையும் எழுப்பாது. சுருக்கம் சுருக்கமாக ஒரு நடுக்கம் மட்டும் நீர்மேல் ஓடும். ஒரு கிலோமீட்டர் தாண்டினால் நுரைத்தலை தெரியத் தொடங்கும். பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் பத்து மீட்டருக்கும் குறைவு என்பதால், அங்கே எழும் அலை உயரமாக இல்லாவிட்டாலும் குறுகியதாகவும் செங்குத்தாகவும் இருக்கும். பலகையில் நிற்பவரை அது மண்டியிட வைத்துவிடும். மண்டியிட்டவரின் உடலே படகுப் பாயாகிவிடும். அதன்பின் இரண்டு நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர்) விலகினாலும், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோமீட்டர் போய்விடலாம். அந்தத் திசையில் அடுத்து இருப்பது பன்னாட்டுக் கடல் எல்லை.

இந்தத் தவறான எண்ணத்துக்கு நம் ஊர் வழக்கு ஒன்றும் அறியாமல் துணைபோகிறது. இராமேசுவரம் தீவில் வடக்கேயுள்ள பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். சுற்றுலா வருபவர் இதைக் கேட்டதும், வடக்குக் கரை எப்போதும் சாது என்று முடிவுகட்டிவிடுகிறார். கடலோடு பிழைப்பவர்கள் அப்படி ஒருபோதும் சொன்னதில்லை. வைகாசி முதல் ஆவணி வரை, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், அந்தக் காற்றுக்கும் வடக்குக் கரைக்கும் இடையே நிலம் நிற்கிறது. ஆகவே தென்கரையில் அலை மோதும், வடகரை அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பின் வாடை இறங்கியதும் எல்லாம் தலைகீழாகிவிடும். பெண்கடல் கரையை அறையும், ஆண்கடல் ஓரம் குளம்போல் ஆகிவிடும். அந்தக் குளத்தின் அமைதியும் அதே வகையானதுதான். புதியவர்களுக்கு நான் கற்றுக்கொடுப்பது, சிறு அலையோடு கரைநோக்கி மென்மையாகக் காற்று வீசும் நாட்களில்தான். தோற்றவரை அந்தக் காற்று கரைக்கே திருப்பிக் கொடுத்துவிடும். முகத்தில் அடிக்கும் காற்றைக் கண்டு பயந்து, முதுகில் தட்டும் காற்றை நம்பும் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும்.

ஓடையிலும் ஆற்றுவாயிலும் இந்த ஏமாற்றம் இரட்டிப்பாகிறது. காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் கயாக் ஓட்டியவர்களுக்குத் தெரியும், உள்ளே இலைகூட அசையாது. மரத்தின் மறைவு, அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்காவது நீளும். வைகையின் தண்ணீர் பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிட்டாலும், ஆற்றங்கரை கிராமத்தருகே அதன் கழிமுகம் கடலோடு சேர்ந்திருக்கிறது. அங்கே கரை நெடுகச் சீமைக் கருவேலம் வேலிபோல் நின்று காற்றை மறைக்கிறது. ஆகவே, நீங்கள் படகை இறக்கும் இடத்தில் உணரும் காற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். திரும்பி நின்று, புதருக்கு மேலே தலை தூக்கியிருக்கும் பனைகளைப் பாருங்கள். ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சலசலப்பு இடைவிடாமல் கேட்டால், அன்றைய காற்று உங்களுக்கானது அல்ல. பள்ளிவாசல் கொடி, தேவாலயக் கொடி, படகின் கொடி எதுவாயினும் சரி. உயரத்தில் உள்ளதைப் பாருங்கள்.

இனி முன்னறிவிப்புக்கு வருகிறேன். அந்த அண்ணன் தன் செல்பேசியை எடுத்து, "ஒன்பதுதான் காட்டியது" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஒன்பது என்பது நாட் அல்ல, வினாடிக்கு ஒன்பது மீட்டர். அதாவது பதினேழரை நாட். மணிக்கு 32 கிலோமீட்டருக்கும் மேல். கற்றுக்கொள்பவருக்கு நான் வைத்திருக்கும் எல்லை பத்து நாட். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வைத்தால், இந்த அலகுக் குழப்பத்தின் விலை புரியும். எந்தச் செயலியாக இருந்தாலும், முதல் வேலையாக அமைப்புக்குள் போய் அலகை நாட் என்று மாற்றிவிடுங்கள். அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டுகிறது, SW போன்ற எழுத்தோ காற்று வரும் திசையைச் சொல்கிறது என்பதையும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். சராசரி வேகத்துக்கு அருகே தனியாக இருக்கும் வன்காற்று (gust) எண்ணை, அதாவது திடீரென அறையும் காற்றின் வேகத்தைப் பாருங்கள். தரையிலிருந்து வரும் காற்று சீராக வராது, விட்டு விட்டு அறையும்.

ஐந்து செயலிகளைப் பார்த்தேன், ஐந்தும் ஒன்றையே சொல்லின என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அவற்றுள் பல, அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். என்ற ஒரே கணிப்பைத்தான் வெவ்வேறு நிறத்தில் காட்டுகின்றன. ஒரே ஆளை ஐந்து முறை கேட்டதற்கு அது சமம். அந்தக் கணிப்பு பெரும்பாலும் 25 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கட்டங்களாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. ஐரோப்பிய மையத்தின் கணிப்பு 9 கிலோமீட்டர் கட்டம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 2025 மே மாதத்தில் தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 6 கிலோமீட்டர் கட்டம். இவை பெரிய முன்னேற்றங்களே. ஆயினும் தனுஷ்கோடி மணல்முனை பல இடங்களில் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லாதது. எந்தக் கட்டத்துக்குள்ளும் அந்த முனையோ, உங்கள் ஓடையோ, உங்கள் கருவேலப் புதரோ தனியாகத் தெரியாது. செயலி உங்கள் ஊரைச் சுற்றிய கடலும் தரையும் கலந்த ஒரு சராசரியைச் சொல்கிறது. அதிலிருந்து உங்கள் துறைக்கு இறங்கி வர வேண்டிய மீதித் தூரம் உங்களுடையது.

அந்த மீதித் தூரத்தில் மிக முக்கியமானது நேரம். ஆடி மாதத்து விடியற்காலை, தரை குளிர்ந்திருப்பதால் மேலே ஓடும் கச்சான் கீழே இறங்காமல் இருக்கும். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறி மண் சுட்டதும் அது தரைக்கு இறங்கிவிடும். அரை மணி நேரத்தில் ஆறு நாட் பதினாறு நாட் ஆவதை நானே அளந்திருக்கிறேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை அறிந்த அதே ஆள், காலை ஆறு மணி அமைதியைக் கண்டு இன்று காற்று இல்லை என்கிறார்.

இவ்வளவு விளக்கமும் தெரிந்த பிறகும் தவறு நடக்கிறது என்பதுதான் என்னை வெகுநாளாக உறுத்துகிறது. அந்த அண்ணன் பொறியியல் படித்தவர். அலகு என்றால் என்ன என்று அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடுப்பு எடுத்தாயிற்று, நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி வந்தாயிற்று, பலகைக்குக் காற்றடித்தாயிற்று. அந்த நிலையில் முன்னறிவிப்பைத் திறப்பவர் காற்றைத் தேடுவதில்லை, அனுமதியைத் தேடுகிறார். ஒரு செயலி மறுத்தால் அடுத்ததைத் திறக்கிறார். பாம்பன் பாலத்தில் காற்று வரம்பை மீறினால் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு தானாக விழுந்துவிடும்; எந்தப் பயணியும் அதனோடு வாதிடுவதில்லை. நம் மனத்தில் அப்படிப்பட்ட விளக்கு தானாக அமைவதில்லை. முந்தைய இரவே நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும். என் மாணவர்கள் எல்லாரும், படுக்கப் போகும் முன் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுத வேண்டும்: எத்தனை நாட் வேகத்துக்கு மேல் இறங்கமாட்டேன், எத்தனை மணிக்குள் கரையேறுவேன். கடலைப் பார்ப்பதற்கு முன் எழுதியது செல்லும். பார்த்த பின் திருத்தியது செல்லாது.

ஊக்கம் என்று நாம் சொல்வதைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். காற்று மறுக்கும் வாரங்களில் மாணவர்கள் சோர்ந்துபோகிறார்கள். இரண்டு ஞாயிறு இறங்காவிட்டால் மூன்றாவது ஞாயிறு வருவதில்லை, அல்லது எப்படியாவது இறங்கியே தீருவேன் என்று வருகிறார்கள். இரண்டாவது வகையே ஆபத்தானது. அவர்களுக்கு நான் கொடுப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் காலை டீக்கடைக்குப் போகும் வழியில், மொட்டை மாடியிலோ தெருமுனையிலோ இரண்டு நிமிடம் நின்று, காற்று எங்கிருந்து வருகிறது, எத்தனை நாட் இருக்கும் என்று மனத்தால் மதித்து எழுத வேண்டும். அதன் பிறகுதான் செயலி சொல்வதை அருகே எழுத வேண்டும். நானும் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன். உடம்பு சரியில்லாத நாளிலும், மனம் ஒட்டாத நாளிலும், அந்த ஒரு வரியை எழுத முடியும். பெரிய உறுதி எதுவும் அதற்குத் தேவைப்படுவதில்லை. கடலில் இறங்கும் எண்ணமே இல்லாத செவ்வாய்க்கிழமை எழுதும் எண்ணில் ஆசை கலப்பதில்லை என்பதே இதன் பெரும்பயன். நாற்பது நாள் எழுதியவரின் மதிப்பீடு, பெரும்பாலும் கருவி காட்டுவதிலிருந்து இரண்டு மூன்று நாட் வித்தியாசத்துக்குள் வந்துவிடுகிறது. செயலி தன் ஊரில் எந்தக் காற்றில் குறைத்துச் சொல்கிறது, எதில் கூட்டிச் சொல்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இறங்காத நாளும் வீணான நாள் அல்ல என்பதை அந்த நோட்டைப் புரட்டும்போது அவர்களே உணர்கிறார்கள். மூன்றாவது ஞாயிறு அமைதியாக வந்து, காற்றைப் பார்த்துவிட்டு, அமைதியாகத் திரும்பிப் போகவும் அவர்களால் முடிகிறது.

இறங்குவதென்று முடிவாகிவிட்டால், முதலில் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வாருங்கள். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில் இது முடியாது என்பதாலேயே அன்று ஓடை வாயைத் தாண்டக் கூடாது. உயிர்காப்பு உடுப்பு உடம்பில் இருக்க வேண்டும், பலகையில் அல்ல. பலகையையும் காலையும் இணைக்கும் கயிறு இல்லாமல் திறந்த நீருக்குப் போகாதீர்கள். பாம்பன் துறைமுகத்தில் எந்த எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தாலும் அன்று இறங்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலில் இரா, உங்களைத் தற்செயலாகக் காணும் கண்கள் அந்நாட்களில் குறைவு. படகுத்துறையில் வலை சீர்செய்துகொண்டிருக்கும் பெரியவரிடம், "ஐயா, இன்று கச்சான் எத்தனை மணிக்கு இறங்கும்?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், அவர் சொல்லும் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே கரையேறிவிடுங்கள்.

அப்படியும் அகப்பட்டுக்கொண்டால், தயவுசெய்து பலகையை விட்டுவிட்டுக் கரைநோக்கி நீந்தாதீர்கள். அதன்மேல் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவுங்கள். நிற்பவரைவிடப் படுத்திருப்பவரைக் காற்று குறைவாகவே தள்ளும். நீர்புகா உறையில் கழுத்தில் தொங்கும் செல்பேசியிலிருந்து கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. அழைக்கும்போது நீங்கள் இறங்கிய இடத்தையும் நேரத்தையும் முதலில் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்பதைத் தேடி வருபவர்கள் கணக்கிட்டுக்கொள்வார்கள்.