பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்

இந்த மாதமும் ஒரு பெண், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான எங்கள் சிறப்புப் பள்ளிக்கு ஆசிரியர் வேலை கேட்டு வந்தார். உசிலம்பட்டிப் பக்கம். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். மதுரையில் ஏதோ ஒரு மாடியில் நடக்கும் நிலையத்தில் 40,000 ரூபாய் கட்டி, ஆறு மாதத்தில் ‘சிறப்புக் கல்வி டிப்ளமோ’ வாங்கியிருக்கிறார். பொன்னிற முத்திரை, ‘அரசு பதிவு பெற்றது’ என்ற வரி, பதிவு எண், எல்லாம் இருந்தன. அந்த எண், நிலையத்தை நடத்தும் அறக்கட்டளையின் பதிவு எண். பாடத்திட்டத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பத்திடம் இதை எப்படிச் சொல்வது?

இந்தத் துறையில் செல்லுபடியாகும் அனுமதி ஒன்றுதான்: மத்திய அரசின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்சிஐ, தருவது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, அது அனுமதித்த படிப்பை முடித்து அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறியவர் மட்டுமே சிறப்புக் கல்வியாளராகப் பணிபுரியலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் சிறியதுதான், ஆனால் பதிவு எண் இல்லாதவரை எந்த ஒழுங்கான பள்ளியும் வேலைக்கு எடுக்காது.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டாண்டு டி.எட். சிறப்புக் கல்வி. பட்டதாரிகளுக்கு இரண்டாண்டு பி.எட். சிறப்புக் கல்வி. இரண்டுக்கும் பொதுவாக 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அறிவுசார் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, பார்வைக் குறைபாடு, ஆட்டிசம் என ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்தே படிக்க வேண்டும். சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனமும், கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் நிறுவனமும் இத்துறையில் பெயர் பெற்றவை.

என்னை மிகவும் கோபப்படுத்துவது வேறொரு பேச்சு. “பொறுமையும் தாய் மனசும் இருந்தால் போதாதா, படிப்பு எதற்கு?” போதாது. ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை கைகழுவக் கற்க வேண்டும் என்று வையுங்கள். குழாயைத் திறப்பது, கையை நனைப்பது, சோப்பைத் தேய்ப்பது என்று வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைக்க வேண்டும். எந்தப் படியில் குழந்தை நிற்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். கையைப் பிடித்துச் செய்ய வைப்பதா, சைகை போதுமா, அந்த உதவியை எப்போது விலக்குவது என்று முடிவெடுக்க வேண்டும். பொறுமை மட்டும் உள்ளவர் மூன்று வருடம் அந்தக் கையைத் தானே கழுவிவிட்டுக்கொண்டிருப்பார். அன்பாகத்தான் செய்வார். குழந்தை கற்றிருக்காது. ஆறு வயதில் கற்றிருக்க வேண்டியதை அதற்குப் பதினாறு வயதில் யார் சொல்லிக் கொடுப்பது? அதனால்தான் படிப்பில் செய்முறைப் பயிற்சிக்கு இவ்வளவு இடம். வீட்டில் உட்கார்ந்து காணொளி பார்த்து இது வராது.

வேலையே இல்லை என்பதும் தவறு. தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒரு சிறப்புக் கல்வியாளர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இலேயே வகுத்தது. ஆனால் வட்டார வள மையங்களில் பணியாற்றும் பலர் இன்னும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். தெரிந்தே வாருங்கள்.

சேரும் முன் ஆர்சிஐ இணையதளத்தில் தமிழ்நாட்டுப் பட்டியலைத் திறந்து நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் படிப்பு, உங்கள் பிரிவு, நீங்கள் சேரும் கல்வியாண்டு மூன்றுக்கும் அனுமதி இருக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு வாங்கிய அனுமதியைக் காட்டி இன்னொன்றுக்கு ஆள் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகமானாலும் இதே கேள்விதான். அனுமதிக் கடிதத்தைக் காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். “அடுத்த மாதம் அனுமதி வந்துவிடும்” என்றாலும் அப்படியே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படிப்பில் சேர நினைக்கும் பிள்ளையை முதலில் ஒரு சிறப்புப் பள்ளிக்கு அனுப்பி, சில நாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அருகில் எந்தப் பள்ளி இருக்கிறது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, துண்டறிக்கை, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். புகார் கொடுக்க அவைதான் ஆதாரம். அடுத்த தவணையைக் கட்ட வேண்டாம்.