தெய்வத்துக்கு எத்தனை ஹிட் பாயின்ட்?

மேசை விளையாட்டுகளுக்குச் சாகசக் கதைகள் எழுதுவதும், பிறர் எழுதியவற்றைத் திருத்திக் கொடுப்பதும் என் தொழில். நான்கைந்து பேர் பகடையும் காகிதமுமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டங்கள் இவை. கடைசி மோதலில் வரும் பெரிய எதிரியை ‘பாஸ்’ என்போம். அந்த இடத்தில், ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மக்களின் தெய்வங்களை நிறுத்தும் பிரதிகள் எனக்கு அடிக்கடி வருகின்றன. அண்மையில் வந்த ஒன்றில் போர்த் தெய்வமான விட்சிலோபோச்ட்லி இருந்தார். ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) 600, நெருப்பு மூச்சு, பாம்பு வால், ‘மனித இதயம் தின்றால் 50 புள்ளி மீளும்’. பெயரை அடித்துவிட்டு டிராகன் என்று போட்டிருந்தாலும் ஒரு வரிகூட மாற வேண்டியிருக்காது.

இது பழைய பழக்கம். இந்த வகை ஆட்டங்களில் ஒன்றான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காக 1980-இல் வந்த தெய்வத் தொகுப்பிலேயே அஸ்டெக் தெய்வங்களுக்கு எண்கள் உண்டு. அதே தொகுப்பில் காளியும் கார்த்திகேயனும் இருக்கிறார்கள். முருகன் எத்தனை அடி தாங்குவான் என்று அச்சில் ஓர் எண்ணைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ நெருடியது. மெக்சிகோவின் கதைகளை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

அந்தக் கதைகளைச் சொன்னவர்கள் மறைந்து போய்விடவில்லை. அஸ்டெக்குகளின் மொழியான நாவாட்லை மெக்சிகோவில் இன்றும் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகிறார்கள். 1790-இல் மெக்சிகோ நகரச் சதுக்கத்தில் கோவாட்லிக்குவே தேவியின் பெருஞ்சிலை மண்ணிலிருந்து வெளிப்பட்டது. ஸ்பானியர் நகரைப் பிடித்து 269 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் மக்கள் அதன் முன் மெழுகுவத்தி ஏற்றத் தொடங்கினார்கள். அதிகாரத்தில் இருந்தவர்கள் பயந்துபோய்ச் சிலையை மீண்டும் புதைத்தார்கள்.

அந்தத் தேவியின் மகன்தான் விட்சிலோபோச்ட்லி. அவர் பிறந்த கதையைக் கேளுங்கள். கோவாடெபெக் மலையில் பெருக்கிக்கொண்டிருந்த கோவாட்லிக்குவே, மேலிருந்து விழுந்த ஓர் இறகுப் பந்தை எடுத்து மடியில் செருக, கருவுற்றாள். குடும்ப மானம் போயிற்று என்று மகள் கோயோல்ஷாவ்கி, நானூறு தம்பிமாரைத் திரட்டிக்கொண்டு தாயைக் கொல்லப் புறப்பட்டாள். (இருபது இருபதாக எண்ணும் நாவாட்லில் நானூறு என்றால் எண்ணி மாளாதது என்றும் பொருள்.) தம்பிகளில் ஒருவன் மட்டும் தாயின் பக்கம் நின்று, படை எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். இதோ இந்த இடம், இதோ சரிவு, இதோ உச்சி. படை உச்சியைத் தொட்ட கணத்தில் பிள்ளை முழு ஆயுதத்தோடு பிறக்கிறது. நெருப்புப் பாம்பால் அக்காளை வெட்டி மலையிலிருந்து உருட்டிவிடுகிறது. மெக்சிகோ நகரில் 1978-இல் மின்வாரியத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டியபோது, துண்டு துண்டாகக் கிடக்கும் கோயோல்ஷாவ்கியைச் செதுக்கிய வட்டக் கல் கிடைத்தது. குறுக்களவு மூன்று மீட்டருக்கு மேல். அங்கிருந்த அஸ்டெக்குகளின் பெருங்கோயிலில் விட்சிலோபோச்ட்லி பக்கத்துப் படிக்கட்டின் அடியில் அது பதிக்கப்பட்டிருந்தது. அதாவது, கோயிலே அந்த மலை.

மோதலின் காலக்கெடு, களம், தோற்றவர் விழும் இடம் எல்லாம் கதைக்குள்ளேயே இருக்கின்றன. என் தொழிலில் நான் கற்ற ஒரே பாடம் இதுதான்: ஆட்டத்தின் விதியைத் தெய்வத்தின் கதையிலிருந்து எடுங்கள். எண்ணை வைத்து ஆரம்பித்தால் கதை உள்ளே வராது.

டெஸ்காட்லிபோகாவை எடுத்துக்கொள்வோம். ‘புகையும் கண்ணாடி’ என்று பொருள்படும் பெயர். இரவுக்கும் விதிக்கும் உரியவர். இரவில் யாரோ விறகு பிளப்பதுபோலச் சத்தம் கேட்டால் அது அவருடைய தோற்றமான ‘இரவுக் கோடரி’ என்று நம்பினார்கள். தேடிப் போனால் தலையில்லாத உருவம் ஒன்று நிற்கும். அதன் மார்பு இரண்டு சிறு கதவுகளாகத் திறந்து மூடும். அந்தச் சத்தம்தான் கோடரிச் சத்தம். துணிந்தவன் உள்ளே கையை விட்டு இதயத்தைப் பற்றிக்கொண்டு வரம் கேட்கலாம். அது வரத்துக்கு அடையாளமாக ஒரு முள் தருகிறேன் என்னும். மூன்று நான்கு முள் வரும்வரை விடக்கூடாது.

இதை என் மேசையில் ஆடியபோது பகடையை ஓரம் வைத்துவிட்டேன். விளக்கைக் குறைத்து, ஒரு மரத்துண்டால் மேசையைத் தட்டினேன். இரண்டு தட்டு கதவு திறப்பதற்கு, மூன்றாவது மூடுவதற்கு. மூன்றாவதற்குள் கையை நீட்ட வேண்டும். ஆறு சுற்று யாரும் அசையவில்லை. ஏழாவதில், அதுவரை அதிகம் பேசாத பெண் மேசை மீது கையை நீட்டி விரல்களை இறுக மூடிக்கொண்டாள். ‘ஒரு முள் தருகிறேன்’ என்றேன். ‘போதாது’ என்றாள். ஹிட் பாயின்ட் எதுவும் குறையாத மோதல் அது. அன்று ஆடியவர்கள் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள்.

தெய்வத்தோடு கைகலப்பு வேண்டும் என்றால் அதற்கும் நாவாட்லில் ஒரு சொல் உண்டு: இஷிப்ட்லா. தெய்வம் தரித்துக்கொள்ளும் உருவம். சிலை, வேடம் பூண்ட பூசாரி, பலிக்கென்று தேர்ந்தெடுத்த ஆள் எல்லாமே இஷிப்ட்லாதான். டோஷ்கட்ல் திருவிழாவுக்காக ஓர் இளைஞன் ஓராண்டு டெஸ்காட்லிபோகாவாகவே குழலூதித் திரிவான். கடைசி நாளில் கோயில் படிகளில் ஒவ்வொரு குழலாக உடைத்தபடி பலிக்கு ஏறுவான். உங்கள் வீரர்கள் வெல்வது ஓர் இஷிப்ட்லாவை என்று வைத்தால், தெய்வம் தெய்வமாகவே நிற்கும்.

பலியை மறைக்கச் சொல்லவில்லை, அது நடந்தது. ஆடும் முன் மேசையில் இருப்பவர்களிடம் சம்மதம் கேட்டுவிடுங்கள். அதோடு, நமக்குக் கிடைக்கும் முக்கியச் சான்று யார் கைவழியாக வந்தது என்பதையும் மனத்தில் வையுங்கள். நாவாட்ல் பேசும் நாவா மக்களின் அறிஞர்கள் எழுதி, சாகுன் என்ற ஸ்பானியத் துறவி தொகுத்த 12 நூல்கள் அவை. அந்தத் துறவிக்கு இந்தத் தெய்வங்கள் பிசாசுகள். ‘பிசாசு’ என்ற சொல்லைப் பிரதியில் பார்க்கும்போதெல்லாம் நான் ஓரத்தில் கேள்விக்குறி போடுகிறேன்.

விட்சிலோபோச்ட்லி பிரதி சென்ற வாரம் திருத்தி வந்தது. 600 இருந்த இடத்தில் ஐந்து கட்டங்கள், மலையடிவாரம் முதல் உச்சிவரை. வீரர்களில் ஒருவருக்கு மட்டும், வயிற்றுப் பிள்ளையிடம் படை வரும் இடத்தைச் சொல்லும் தம்பியின் பாத்திரம்.